கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய நாடு: மெக்சிகோவில் நான்கு வாரம், மூன்று ஊர்

"யா சே அகபோ." மெக்சிகோவில் எனக்கு முதலில் மனப்பாடமான ஸ்பானிய வார்த்தை இதுதான். தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு பார்பகோவா தேடிப் போயிருந்தேன். தரையில் குழி வெட்டி, ஆனைக்கற்றாழை மடலால் மூடி, இரவு முழுக்க வேகவைக்கிற ஆட்டுக்கறி அது. நான் போனபோது கடைக்காரர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்குப் போயிருந்தால் கறி கிடைத்திருக்கும். பதினொன்றுக்குப் போயிருந்தால் அடியில் வடிந்த சாறாவது கிடைத்திருக்கும்.

அங்கே எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு பொழுது உண்டு, சிலவற்றுக்குக் கிழமை உண்டு, சிலவற்றுக்கு மாதமே உண்டு. ஏழு நாளில் ஐந்து ஊர் பார்க்கிறவருக்கு இது பிடிபடாது, போகிற இடமெல்லாம் "யா சே அகபோ" தான் காதில் விழும். அதனால்தான் இந்த வழிகாட்டியை 28 இரவுகளுக்குப் போட்டிருக்கிறேன்: மெக்சிகோ சிட்டியில் 9, புவெப்லாவில் 6, வஹாக்காவில் 13. கான்கூன் கடற்கரை இதில் இல்லை. அதற்குத் தனியாக ஒருமுறை போய்க்கொள்ளுங்கள்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் காலை வெயிலடிக்கும், சாயங்காலம் கொட்டித் தீர்க்கும். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், இரவில் குளிரும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி வசதி.

ஆனால் எனக்குப் பிடித்த மாதம் ஆகஸ்ட்தான். காரணம் சீலே என் நொகாதா. பெரிய பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, உள்ளே இறைச்சியும் பழங்களும் நிரப்பி, மேலே அக்ரூட் (வால்நட்) அரைத்த வெள்ளைச் சாறு ஊற்றி, மாதுளை முத்தும் கொத்தமல்லியை ஒத்த ஒரு தழையும் தூவித் தருவார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு என்று அவர்களின் கொடி நிறம். நாடு விடுதலையான 1821-ல் புவெப்லா கன்னியாஸ்திரிகள் செய்தது என்று சொல்லிக்கொள்வார்கள். புது அக்ரூட்டும் மாதுளையும் சேர்ந்து கிடைப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான், அதனால் இந்தப் பண்டத்துக்கும் அதுவே காலம். இதற்காகப் போவதென்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாள். வீடுகளில் முன்னோருக்குப் படையல் போட்டு, வாசல்வரை செண்டுமல்லி இதழ் தூவுவார்கள். (செண்டுமல்லியே மெக்சிகோவிலிருந்து நமக்கு வந்த பூதான்.) அழகான நாட்கள். ஆனால் வஹாக்காவில் அந்த வாரம் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும், ஊர் நெரியும். நிதானமாகப் பார்க்கிற பயணத்துக்கு அது உகந்த வாரமில்லை.

விசா: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் மெக்சிகோவுக்குச் சுற்றுலாவாகப் போகத் தனி விசா வேண்டாம் என்பது நடைமுறை. டிக்கெட் போடுமுன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் என்று முடிவு செய்வது விமான நிலைய அதிகாரி, அதனால் திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும்.

படி 2: சந்தைக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள்

மெக்சிகோ சிட்டியில் வெளிநாட்டவர் எல்லாரும் ரோமா, கொண்டேசா பகுதிகளில்தான் தங்குகிறார்கள். மரங்களும் காபிக் கடைகளுமாக நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே வாடகை ஏறி, பரம்பரையாக இருந்தவர்கள் வெளியேற வேண்டி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் அதை எதிர்த்து ஊர்வலமே நடந்தது. நார்வார்த்தே, சாந்தா மரியா லா ரிபேரா, கொயோகான் பக்கம் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரரே ஒரு அறையை வாடகைக்கு விடுகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. எந்தச் சந்தையில் எது நன்றாக இருக்கும் என்று அவர்கள் சொல்லுகிற அளவுக்கு எந்த ஆப்பும் சொல்லாது.

வரைபடத்தில் முதலில் சந்தையைத் தேடுங்கள், அதிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு தேடுங்கள். சின்னதாகவாவது ஒரு அடுப்படி வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. வீடுகளில் 20 லிட்டர் கேன் இருக்கும், காலியானால் தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவுக்கு. முதல் இரண்டு நாள் படியேறினால் மூச்சு வாங்கும், ராத்திரி கனமாகச் சாப்பிட்டால் செரிக்காது. அந்த இரண்டு நாளும் சூப்பு, பழம், தூக்கம். இதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாள் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 3: ஒரு நாளின் கடிகாரத்தைப் படியுங்கள்

காலை ஏழிலிருந்து பத்து: தமால். மக்காச்சோள மாவை வாழையிலையிலோ சோள மட்டையிலோ பொதிந்து ஆவியில் வேகவைத்தது. தெருமுனையில் பெரிய எவர்சில்வர் அடுக்குப் பானையோடு நிற்பார்கள். கூடவே அதோலே என்கிற கெட்டியான சோளக் கஞ்சி, சூடாக. மெக்சிகோ சிட்டிக்காரர்கள் அந்தத் தமாலையே ஒரு பன்னுக்குள் வைத்து "குவாஹோலோத்தா" என்று சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். வயிறு மதியம்வரை கேட்காது.

பகல் இரண்டிலிருந்து நாலு: கொமிடா. அன்றைக்குப் பிரதான சாப்பாடே இதுதான். இதற்கு ஃபோண்டாவுக்குப் போங்கள். குடும்பமாக நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடை, நம்மூர் மெஸ் மாதிரி. "கொமிடா கொர்ரிடா" என்று பலகையில் எழுதியிருக்கும், அன்றைய அயிட்டங்கள் கையால் எழுதப்பட்டிருக்கும். உட்கார்ந்ததும் பானை நிறையப் பழத்தண்ணீர் வரும். புளியில் போட்டதாக இருக்கலாம், இல்லை புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்பு மடலைக் கொதிக்கவைத்து இனிப்புச் சேர்த்த ஹமைக்காவாக இருக்கலாம். முதலில் சூப்பு. அடுத்து சோறு, தனியாக ஒரு தட்டில். அதை "உலர்ந்த சூப்பு" என்பார்கள், குழம்போடு பிசைய மாட்டார்கள். மூன்றாவதாகத்தான் குழம்போ வறுவலோ, பக்கத்தில் பயறு, துணியில் சுற்றிய சூடான டோர்ட்டியா என்கிற சோள ரொட்டி. கடைசியில் ஒரு சின்ன இனிப்பு. எல்லாம் சேர்த்து நூறு பேசோவை ஒட்டித்தான் வரும். "கே ஆய் ஓய்?" என்று கேளுங்கள், இன்றைக்கு என்ன இருக்கிறது என்று. இரண்டு மணிக்கே போய்விடுங்கள், மூன்றரைக்கு நல்ல குழம்பு தீர்ந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பில் தானாக வராது. வாடிக்கையாளரை எழுப்பிவிடுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மேசைச் சேவை உள்ள இடத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ். கிளம்பும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்கிற வாழ்த்து. நீங்களும் சொல்லுங்கள், முகம் மலரும்.

இருட்டிய பிறகு: தாகோ, டோர்ட்டியாவில் கறி வைத்து மடித்தது. குறிப்பாக அல் பாஸ்தோர், நட்டுக்குத்தாக நிற்கும் கம்பியில் சுழலும் பன்றிக்கறி. லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்களின் கைப்பக்குவம் மெக்சிகோ மிளகாயோடு கலந்து உண்டானது. பகலில் அந்தக் கம்பி தயாராகியிருக்காது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூட்டம் நிற்கிற கடைக்குப் போங்கள்.

எட்டு மணி வாக்கில் தெருவில் ரயில் என்ஜின் மாதிரி நீளமாக ஒரு விசில் கேட்டால் பதறாதீர்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி. விறகடுப்பின் ஆவியில்தான் அந்த விசில் ஊதுகிறது.

படி 4: ஒரே கடைக்கு ஐந்து நாள் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நான் பிடித்துக்கொண்டது சந்தை வாசலில் ட்லகோயோ போடுகிற ஒரு அம்மாவை. நீலச் சோள மாவு, நிஜமாகவே கருநீலம். ஒரு உருண்டை எடுத்து, கட்டைவிரலால் குழி பண்ணி, அரைத்த பயற்றை உள்ளே வைத்து மூடி, இரு உள்ளங்கைக்கு நடுவே தட்டித் தட்டி இலை வடிவத்துக்குக் கொண்டுவருவார். எண்ணெய் கிடையாது. கொமால் என்கிற கல்லில் போட்டு, ஓரம் பொரியும்போது விரலாலேயே திருப்புவார். மேலே வெந்த நோபால், வெங்காயம், துருவிய சீஸ், பச்சைச் சட்னி. நோபால் என்பது வேறொன்றுமில்லை, நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் இனம். முள்ளைச் சீவிவிட்டுச் சமைக்கிறார்கள், வெண்டைக்காய் போல லேசாக வழவழக்கும்.

முதல் நாள் கையைக் காட்டி வாங்கினேன். மூன்றாம் நாள் "மார்ச்சாந்தே" என்று கூப்பிட்டார், சந்தையில் வாடிக்கைக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள். நாலாம் நாள் மாவு ஏன் இந்த மணம் வீசுகிறது என்று அரைகுறை ஸ்பானியத்தில் கேட்டேன். கல்லுக்குக் கீழேயிருந்து ஒரு வாளியை இழுத்துக் காட்டினார். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும் சோளம். விரலால் ஒரு மணியைத் தேய்த்ததும் தோல் வழுக்கிக் கழன்றது.

அந்த வாளிதான் இந்தச் சமையலின் ஆணிவேர். சுண்ணாம்போடு கொதிக்கவைத்து இரவு ஊறவிட்ட சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். தோல் கழல்வதோடு மாவுக்கு ஒட்டும் தன்மையும் வருகிறது, சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்கிற பி வைட்டமினும் உடம்பில் சேரும்படி விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தச் சுண்ணாம்பு வித்தையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு இத்தாலியின் வடக்கிலும் அமெரிக்காவின் தெற்கிலும் பெல்லக்ரா என்கிற நோய் கூட்டம் கூட்டமாக வந்தது. மெக்சிகோவின் அடுக்களைப் பெண்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று, மருத்துவ உலகத்துக்குப் புரிய இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஆகவே டோர்ட்டியா வாங்கும்போது நிஷ்டமாலில் செய்ததா, பாக்கெட் மாவில் செய்ததா என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் கேட்காமலே மூக்கு சொல்லிவிடும்.

ஒன்பது நாளில் மற்ற நேரத்துக்கு: மெட்ரோவில் ஏறி லா மெர்செத் பெருஞ்சந்தை (கட்டணம் 5 பேசோ, ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு படக்குறி உண்டு, மெர்செத்துக்கு ஆப்பிள் பெட்டி), ஹமைக்கா பூச்சந்தை, ஷொச்சிமில்கோவில் ஏரி நடுவே மண் குவித்துப் பயிரிடும் சினாம்பா தோட்டங்கள். பூச்சந்தையில் நிலசம்பங்கிக் கட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டேன். அதுவும் அவர்கள் மண்ணின் பூ. காய்கறிப் பக்கம் போனால் சவ்சவ், பப்பாளி, சப்போட்டா. சப்போட்டா என்கிற பெயரே அவர்களின் நாவாட்ல் மொழியின் "ட்சபோட்ல்" தான். மிளகாயும் இங்கிருந்து கிளம்பி 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பலில் நம்மை வந்து சேர்ந்தது.

படி 5: சைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

"கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி மட்டும்தான். "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று கோழி, மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியாதவை. பயறு, தமால் இரண்டிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம்: "யேவா மாந்தேகா?" என்று கேளுங்கள். சோறும் சூப்பும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம்: "கால்தோ தே போயோ?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பல இடங்களில் அடுக்களைக்குள் போய் விசாரித்துவந்து சொல்வார்கள்.

கிடைப்பது தாராளம். பூசணிப்பூ வைத்து மடித்த டோர்ட்டியாவான கெசதியா, சோளக் கதிரில் வளரும் ஊயிட்லகோச்சே என்கிற கருப்புக் காளான், பருப்புக்கீரை, நோபால், வறுத்த தண்டுக்கீரை இன விதையை வெல்லப்பாகில் பிடித்த அலெக்ரியா மிட்டாய். ஒன்று கவனியுங்கள், மெக்சிகோ சிட்டியில் கெசதியா என்றால் சீஸ் தானாக வராது, "கோன் கேசோ" என்று சொன்னால்தான் வைப்பார்கள்.

படி 6: புவெப்லா, ஆறு இரவு

மெக்சிகோ சிட்டியின் தாபோ பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். பேருந்தில் ஏசி உறையவைக்கும், ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும்.

இங்கே மூன்று வேலை. ஒன்று, எல் கார்மென் சந்தையில் செமிதா: எள் தூவிய ரொட்டிக்குள் பொரித்த கறி, அவகாடோ, நூல்நூலாகப் பிரியும் சீஸ், பாபாலோ என்கிற தழை. அந்தத் தழையின் வாசனை முரட்டுத்தனமானது; முதல் கடியில் பிடிக்காவிட்டாலும் மூன்றாம் நாள் அது இல்லாமல் ருசிக்காது. இரண்டு, சாந்தா ரோசா முன்னாள் மடத்தின் அடுக்களை. சுவர், கூரை எல்லாம் ஓடு பதித்த அந்த அறையில்தான் மோலே போப்லானோ என்கிற, மிளகாய் அரைத்த கெட்டிக் குழம்பு பிறந்ததாக ஊர் நம்புகிறது. மூன்று, பேருந்தில் சொலூலா போய், உலகிலேயே கன அளவில் பெரிய பிரமிடின்மேல் ஏறி, உச்சியிலுள்ள தேவாலய முற்றத்திலிருந்து புகைவிடும் போபோகதெபெட்ல் எரிமலையைப் பாருங்கள். காலையிலேயே போங்கள், பிற்பகலில் மேகம் மூடிவிடும்.

ஊர் நடுவே இயேசு சபைத் தேவாலயத்தில் கதரீனா தே சான் ஹுவான் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டு, மணிலா வழியாகக் கப்பலில் அடிமையாக வந்து, புவெப்லாவிலேயே வாழ்ந்து, 1688-ல் இறந்தவர். ஊர் அவரைப் புனிதவதியாகக் கொண்டாடியது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

படி 7: வஹாக்காவில் கிழமைப்படி நடங்கள்

புவெப்லாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இந்த ஊருக்கு 13 இரவு ஒதுக்கியதற்குக் காரணம், சுற்றியுள்ள ஊர்ச் சந்தைகள் கிழமைக் கணக்கில் சுற்றுகின்றன. ஒருமுறை தவறவிட்டால் அடுத்த வாரம் பிடிக்கலாம். புதன் எட்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகோட்லான், ஞாயிறு ட்லகொலூலா. ஷேர் டாக்சியில் உள்ளூர்க்காரர்களோடு நெருக்கிக்கொண்டு போகலாம். ட்லகொலூலாவுக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். சபோதெக் மொழியில் பேரம் நடக்கும், ஆட்டு பார்பகோவா ஆவி பறக்கும். நான் கோட்டைவிட்ட அந்தச் சாற்றை இங்கேதான் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தேன்.

சந்தையில் தெஹாதே விற்கிற பெண்களைத் தேடுங்கள். சோளம், கக்காவோ என்கிற கோகோ விதை, மாமே பழத்தின் கொட்டை, ஒரு மணமான பூ நான்கையும் அரைத்து, பெரிய மண்சட்டியில் தண்ணீர் விட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவார்கள். வெள்ளை நுரை பஞ்சுபோல மேலே மிதக்கும். பூ எழுதிய குடுவைக் கிண்ணத்தில் மொண்டு தருவார்கள். குளுமையான மண்வாசனை. வெயிலில் நடந்து வந்தவருக்கு அதைவிட ஒன்று வேண்டாம்.

மோலே ஏழு வகை என்பார்கள்: கருப்பு, சிவப்பு, கொலோரதீத்தோ, மஞ்சள், பச்சை, சிசீலோ, மான்சமான்தேலெஸ். கடைசிப் பெயருக்கு அர்த்தம் "மேசைத்துணியைக் கறையாக்குவது". ஒரே நாளில் ஏழையும் சின்னக் கிண்ணங்களில் தருகிற இடங்கள் உண்டு, வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று. கருப்பு மோலேயில் மிளகாய் விதையைக் கரியாகும்வரை வறுக்கிறார்கள், கசப்பும் இனிப்பும் காரமும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வரும். அதற்கு ஒரு முழு மதியம் கொடுங்கள்.

நகருக்குள் 20 தே நொவியெம்ப்ரே சந்தையில் ஒரு புகைச் சந்து இருக்கிறது. கறியை எடைபோட்டு வாங்கினால் அங்கேயே கரியில் சுட்டுத் தருவார்கள். டோர்ட்டியாவும் சுட்ட வெங்காயமும் வேறு ஆளிடம் வாங்க வேண்டும். ராத்திரிக்கு ட்லயூடா: தாம்பாள அகலத்தில் மொறமொறப்பான டோர்ட்டியா, மேலே பயறும் கெசியோ சீஸும். சைவர்கள் "சின் அசியேந்தோ" என்று சொல்ல மறக்காதீர்கள், அடியில் பன்றிக்கொழுப்புத் தடவுவது வழக்கம்.

அதே சந்தைக்குப் பக்கத்தில் சாக்லேட் மில்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு நம்மூர் மாவு மில் நினைவுதான். வறுத்த கக்காவோ, சர்க்கரை, பட்டை, பாதாம் எதெது எவ்வளவு என்று வீட்டுப் பெண்கள் சொல்லச் சொல்ல எடைபோட்டு மெஷினில் கொட்டுகிறார்கள். கீழே சூடாக, பளபளவென்று விழுது இறங்குகிறது. நம் வீட்டில் மிளகாயும் மல்லியும் தூக்கிக்கொண்டு போய் மில்லில் நிற்பார்களே, அதே நிற்பு, அதே கவனம், விழுதில் விரல் வைத்துப் பார்க்கிற அதே கை.

படி 8: வயிறும் பத்திரமும்

கூட்டம் நிற்கிற கடை, கண்ணெதிரே சூடாகப் போடுகிற கடை: இந்த இரண்டும் போதும். சட்னியை முதலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். "குவால் பீக்கா மாஸ்?" என்றால் எது அதிகக் காரம் என்று காட்டுவார்கள். நமக்குக் காரம் பழக்கம்தான், ஆனால் அவர்களின் பச்சைச் சட்னி அமைதியாக இருந்து பிறகு ஏறும். 500 பேசோ நோட்டுக்குத் தெருக்கடையில் சில்லறை கிடைக்காது, 20, 50 நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆப் மூலம் டாக்சி எடுங்கள்.

மெக்சிகோ சிட்டியில் தெரு ஒலிபெருக்கிகளில் நிலநடுக்க எச்சரிக்கை ஊளையிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் போகிற வழியில் நிதானமாக வெளியே நடங்கள். 1985, 2017 இரண்டு ஆண்டுகளிலும் செப்டம்பர் 19-ல்தான் பெரிய நிலநடுக்கம் வந்தது. அந்தத் தேதியில் ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும்.

படி 9: கட்டிக்கொண்டு வருவது

மோலே விழுதைக் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். விதைகளும் பச்சைச் செடிகளும் வேண்டாம், இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. சாக்லேட் வில்லைகள் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு மொலினியோ, மரத்தில் கடைந்த சாக்லேட் மத்து.

வீட்டுக்கு வந்ததும் பாலில் கரைக்காதீர்கள். வஹாக்காவில் பலர் வெந்நீரில்தான் குடிக்கிறார்கள். உயரமான பாத்திரத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு வில்லையைப் போட்டுக் கரையவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தயிர் கடைவதுபோல உருட்டுங்கள். நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டதும் ஊற்றிக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள வெண்ணெய் பன் இருந்தால் போதும்.